ஒரு கதவு அகலம்

எகிப்தின் தமியாத்தில் தச்சு தெரியாதவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். பந்தாட்டம் பிடிக்காதவனுக்கு டீ கொடுக்கவே யோசிப்பார்கள். இரண்டிலும் குறை சொல்ல முடியாத பஸ்யூனிக்கு ஸக்லூலின் காபிக்கடையில் இருபத்தெட்டு வருஷமாகக் கிடைத்துவந்தது என்னவோ வாசலோர நாற்காலிதான். அங்கிருந்து பார்த்தால் டிவியில் பாதி தெரியும். மீதிப் பாதியைக் குளிர்பான ஃபிரிட்ஜ் மறைத்துக்கொண்டு நிற்கும். இடப்பக்க வலையில் விழும் கோலை, மற்றவர்கள் கத்துவதை வைத்துத்தான் அவர் தெரிந்துகொள்வார்.

அந்தக் கடையில் அவரை யாரும் பஸ்யூனி என்று கூப்பிடுவதில்லை. மூத்த மகன் நபீலின் பெயரைச் சேர்த்து 'அபூ நபீல்' என்று கூப்பிடுவதுதான் முறை. ஊரில் கழுதை வண்டி ஓட்டுகிறவனுக்குக்கூட அந்த மரியாதை உண்டு. இவருக்கு மட்டும் 'அபூ ராயா'. ராயா என்றால் கொடி. கொடிக்குத் தகப்பன். பெற்ற மகனைப் பிடுங்கிக்கொண்டு, கையில் பிடித்த கொடியைப் பிள்ளையாகக் கொடுத்துவிட்டது ஊர்.

கதை தொண்ணூற்றாறில் தொடங்குகிறது. தச்சர்கள் சேர்ந்து நடத்தும் நஜ்ஜாரீன் சங்கம் முதல் டிவிஷனுக்கு ஏற ஒரே ஒரு வெற்றிதான் பாக்கி. சொந்த மைதானம், வெள்ளிக்கிழமை, கண்ணைக் கட்டுகிற மூடுபனி. வெளியூரிலிருந்து வரவேண்டிய லைன்ஸ்மேனின் மைக்ரோபஸ், வழியில் ஒரு கரும்பு வண்டியின் பின்னால் போய் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. சான்றிதழ் உள்ள நடுவர் யாராவது மைதானத்தில் இருந்து, இரண்டு அணியும் ஒப்புக்கொண்டால் அவரையே நிறுத்தலாம் என்று ஒரு விதி. இருந்தது பஸ்யூனி. மாவட்ட ஆட்டங்களுக்குக் கொடி பிடிக்கிற சான்றிதழ். தொழுகைக்குப் போட்டுக்கொண்டு போன தோல் ஷூவோடு, மூன்றாவது வரிசையில் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தவரைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோட்டில் நிறுத்தினார்கள். "நம்ம ஆளு! நம்ம ஆளு!" என்று மைதானமே கை தட்டியது. எதிரணி மேனேஜருக்கு அந்தப் பனியில் இன்னொரு நாள் வந்துபோக இஷ்டமில்லை, ஒப்புக்கொண்டான். ஆனால் பஸ்யூனியைத் தாண்டிப் போகும்போது காதோரமாக ஒன்று சொல்லிவிட்டுப் போனான்.

"எல்லாரும் உன் ஊர்க்காரன்தானே? பாக்கத்தானே போறேன் உன் யோக்கியதைய."

எண்பத்தெட்டாவது நிமிஷத்தில் ரஜப் கோல் போட்டான். பஸ்யூனியின் கொடி உயர்ந்தது. ஆஃப்சைடு. ஆட்டம் கோல் இல்லாமல் சமனில் முடிந்தது. சங்கம் முதல் டிவிஷனைப் பார்க்க அதன்பிறகு இருபத்தைந்து வருஷம் ஆயிற்று.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. தெரியாதது ஒன்று உண்டு. பந்து ரஜப்பை நோக்கிக் கிளம்பிய அந்த நொடியில், பஸ்யூனியின் தோல் ஷூ ஈரப் புல்லில் வழுக்கியது. அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். நிமிர்ந்தபோது பந்து வலையில் இருந்தது, முதன்மை நடுவர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், காதில் மேனேஜரின் குரல் இருந்தது. கை தானாக மேலே போய்விட்டது. அவ்வளவுதான். கட்டிய மனைவியிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. யார் கேட்டாலும் இரண்டே வார்த்தைதான்: "பாத்தேன். ஆஃப்சைடு." சொல்லிச் சொல்லி, சில நாட்களில் பார்த்தமாதிரியே கூட இருக்கும்.

ஊர் சும்மா விடுமா? மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளை மணமேடைக்கு ஒரு எட்டு முன்னால் வைத்தபோது, எவனோ கைக்குட்டையை ஒரு கம்பில் கட்டி உயர்த்திவிட்டான். கல்யாண மண்டபமே நின்ற இடத்தில் சிலையாக நின்று, பிறகு வயிறு வலிக்கச் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்ததுதான் கொடுமை. நபீல் அடுத்த மாதமே குவைத்துக்குப் போனான். "அங்க என்னை யாரும் கொடி மகன்னு கூப்பிட மாட்டாங்க வாப்பா" என்றான். போனவன் போனவன்தான்.

இந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை பஸ்யூனி பட்டறையில் ஒரு நாற்காலிக் காலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது ஹாஸிம் வந்தான். முப்பத்திரண்டு வயது, துறைமுக ஆபீஸில் வேலை, மற்ற நேரமெல்லாம் பந்தாட்டப் புள்ளிவிவரம். எவன் எத்தனை கிலோமீட்டர் ஓடினான், எத்தனை பாஸ் தப்பிப்போனது என்று எல்லாம் வைத்திருப்பான். பெண்டாட்டி பிறந்தநாள் மட்டும் மறந்துபோகும் என்று கேள்வி. இணையத்தில் 'நஜ்ஜாரீனுக்கு இழைக்கப்பட்ட நூறு அநியாயங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருந்தான். அதில் முதல் அநியாயம் எது என்பதை அவன் சொல்லித்தான் பஸ்யூனிக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

"சாச்சா, அந்த மேட்ச்சோட கேசட் கிடைச்சிருக்கு."

பசைத் தூரிகை நின்றது. "எந்த கேசட்? டிவிக்காரன் அன்னிக்கு வரவே இல்லையே."

"கல்யாண வீடியோ எடுக்கறவன் ஒருத்தன் எடுத்து வச்சிருக்கான். செத்துப்போனப்புறம் அவன் கடைய ஒழிச்சாங்க, பழைய பெட்டில இருந்துச்சு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு ஸக்லூல் கடையில பெரிய டிவில போடப் போறேன். வந்துடுங்க."

"நீ பாத்துட்டியா?"

"பாத்தேன். இன்னும் அளக்கல. அளக்காம நான் எதுவும் சொல்றதில்ல, உங்களுக்கே தெரியும்."

அன்றைக்கு அந்த நாற்காலிக் கால் கோணலாக ஒட்டிக்கொண்டது. பஸ்யூனி அதைப் பிரித்து ஒட்டி, மறுபடி பிரித்தார். தப்பு என்று வந்துவிட்டால் என்ன செய்வது? ஊர் இத்தனை வருஷம் சந்தேகத்தில் ஏசியது. இனிமேல் ஆதாரத்தோடு ஏசும். சரி என்று வந்துவிட்டால்? அந்த நினைப்பே இனித்தது. யாராவது ஒருவன், ஒரே ஒருவன், 'வாங்க அபூ நபீல்' என்று சொல்லிவிட்டால் போதும். மகனுக்குப் போன் போட்டுச் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை கடை கொதித்துக்கொண்டிருந்தது. காரணம் கேசட் இல்லை. முந்தின நாள் ஆட்டத்தில் சங்கம் போட்ட கோலை வீடியோ நடுவர் பறித்திருந்தார்.

"நாலு சென்டிமீட்டர்!" ஹாஜி மித்வல்லி கையை விரித்துக் காட்டினார். ரம்பத்துக்குப் போனது போக அந்தக் கையில் மிச்சமிருந்ததும் நாலு விரல்தான். ஊரிலேயே பெரிய கதவுப் பட்டறை அவருடையது, கடையில் அவர் பேச்சுதான் எடுபடும். "நம்ம பையன் முட்டி நாலு சென்டிமீட்டர் முன்னால இருந்துச்சாம். கெய்ரோல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு ஒருத்தன் கோடு போடறான். டேய், கோடுன்னா என்னன்னு தெரியுமாடா அவனுக்கு?"

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து டொமினோ மேஜையில் ஒரு கோடு இழுத்தார். ஸக்லூல் கல்லாவிலிருந்து "மேஜை, ஹாஜி, மேஜை" என்று முனகியது யார் காதிலும் விழவில்லை.

"இந்தா. இது கோடு. இதுக்கே ஒரு கனம் இருக்கு. இந்தப் பக்கம் அறுத்தா கதவு மூடாது, அந்தப் பக்கம் அறுத்தா காத்து வரும். ரம்பத்தோட பல்லு தின்னுற கனம் வேற. கெய்ரோக்காரன் எந்தப் பக்கம் அறுத்தான்? கேட்டுச் சொல்லு."

"கோடு மட்டும் இல்ல ஹாஜி," என்றான் ஹாஸிம் லேப்டாப்பை டிவியில் மாட்டிக்கொண்டே. "கேமரா ஒரு செகண்டுக்கு ஐம்பது படம் எடுக்குது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல ஓடறவன் கிட்டத்தட்ட ஒரு சாண் நகர்ந்துடுவான். அப்ப நாலு சென்டிமீட்டர்னு சொல்றதே—"

"அதத்தானேடா நானும் சொல்றேன்!"

"நீங்க திட்டறீங்க. நான் கணக்குச் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். என்னோடது சீக்கிரம் முடியும்."

கடை சிரித்தது. ஹாஸிம் விடவில்லை. "நேத்து நம்ம எதிர்பார்ப்பு கோல், அதாவது அடிச்ச ஷாட்டுக்கு விழுந்திருக்க வேண்டிய கோல், ரெண்டு புள்ளி ஒண்ணு. அவங்களோடது பூஜ்யம் புள்ளி மூணு. கணக்குப்படி நாமதான் ஜெயிச்சோம்."

"எதிர்பார்ப்பு என்னடா எதிர்பார்ப்பு?" என்றார் கேப்டன் ரஜப், ஹுக்கா குழாயை வாயிலிருந்து எடுத்து. "என் மாமியாருக்கும்தான் என்மேல எதிர்பார்ப்பு இருந்துச்சு. ரெண்டு புள்ளி ஒண்ணுக்கு மேலயே இருந்துச்சு."

ரஜப்புக்கு இப்போது ஐம்பத்து நாலு. பறிபோன அந்த கோல்தான் அவரை வாழவைத்தது. கடற்கரைச் சாலையில் 'கோல் ஃபர்னிச்சர்' என்று கடை, வாசலில் பந்து வலைக்குள் போகிற மாதிரி ஆளுயரப் படம். அந்த கோல் செல்லுபடியாகியிருந்தால் அவர் ஒரு சாதாரண வீரராக ஓய்வு பெற்றிருப்பார். செல்லாததால் ஊர் இன்னும் அவரிடமே கட்டில் வாங்குகிறது.

"எங்க காலத்துல ரெஃப்ரின்னா மனுஷன்," என்று தொடர்ந்தார். "தப்பு பண்ணுவான். அவன் அம்மாவ இழுத்துத் திட்டுவோம். அடுத்த வாரம் அவனே வந்து நம்ம பக்கத்துல உக்காந்து மொச்சை ஃபூல் சாப்பிடுவான். மனுஷன் கண்ணு தப்புறதுல ஒரு அழகு இருந்துச்சுப்பா. இப்ப யார்மேல கோவப்படறது? அந்த டிவிப் பொட்டி டீ குடிக்க வருமா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். கண் தப்புவது எவ்வளவு பெரிய அழகு என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். வாசலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த அழகில் பங்கு உண்டா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்யூனியின் டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

லேப்டாப்புக்கு மாற்றி வைத்திருந்த கேசட் ஓடத் தொடங்கியது. முதலில் ஒரு கல்யாண வீடு. மணப்பெண் தலையைச் சிலுப்பி ஆடினாள். கடையில் இருந்தவர்கள் குழம்பும்போதே படம் வெட்டிக்கொண்டு போய்ப் புல்வெளியில் விழுந்தது.

"டேய்! இது என் கொழுந்தியா கல்யாணம்டா!" ஹாஜி எழுந்துவிட்டார். "கேசட் தொலைஞ்சுபோச்சுன்னு குர்ஆன் மேல சத்தியம் பண்ணானேடா அந்தத் திருட்டுப்பய! இதுக்கு மேலயா மேட்ச் எடுத்தான்?"

"சங்கத்துக்காகப் பண்ணிட்டான் ஹாஜி, மன்னிச்சிடுங்க," என்றான் ஹாஸிம்.

"நான் மன்னிச்சுடுவேன். அவ இன்னிக்கும் கேக்கறா!"

சிரிப்பு அடங்குவதற்குள் எண்பத்தெட்டாவது நிமிஷம் வந்துவிட்டது. பஸ்யூனி எழுந்து ஃபிரிட்ஜைத் தாண்டி வந்து நின்றார். அந்த இடத்தில் நின்று அவர் டிவி பார்த்தது இதுதான் முதல் தடவை. அவர் பயந்தது ஒன்றைத்தான்: புல்லில் வழுக்குகிற தோல் ஷூ. ஆனால் கேமரா அவரைக் காட்டவில்லை. பனிக்கு நடுவே பெனால்டி கட்டம், தடுப்பாட்டக்காரர்கள் நாலு பேர், அவர்களைத் தாண்டி ரஜப். ஹாஸிம் படத்தை நிறுத்தினான். பாஸ் கொடுத்தவன் காலை விட்டுப் பந்து கிளம்பும் இடம். பெனால்டி கட்டத்தின் வெள்ளைக்கோட்டை வைத்து அளவெடுத்து, ஒரு சிவப்புக்கோடும் ஒரு நீலக்கோடும் போட்டான்.

"நூத்திப் பத்து சென்டிமீட்டர். பழைய கேமரா, செகண்டுக்கு இருபத்தஞ்சு படம்தான், பனி வேற. எல்லாத்தையும் கழிச்சாலும் எழுபதுக்குக் குறையாது. ஆஃப்சைடு. சாச்சா சரியாத்தான் தூக்கியிருக்காரு."

"ஒரு கதவு அகலம்," என்றான் ஸக்லூல் கல்லாவிலிருந்து.

டிவியில் விரிந்த ஹாஸிமின் பட்டியலில் பஸ்யூனி பெயருக்கு எதிரே ஒரு பச்சைக் குறி விழுந்தது. தீர்ப்பு: சரி. பஸ்யூனி பக்கத்திலிருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டார். வாய் எதையோ சொல்லத் தயாரானது. பெருந்தன்மையாக, 'பரவாயில்லப்பா, போனது போகட்டும்' என்கிற மாதிரி ஏதாவது.

ஹாஜி மித்வல்லி டீயில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஆச்சரியம் என்பதே இல்லை.

"இதச் சொல்லவாடா கேசட் போட்ட?"

"இல்ல ஹாஜி, இத்தனை வருஷமா எல்லாரும் அவர—"

"டேய், நான் அன்னிக்கு அந்தக் கோட்டுக்கு நேரா உக்காந்திருந்தேன். இந்த ரஜப் ஒரு கதவு அகலம் முன்னால நின்னான். குருடனுக்கும் தெரிஞ்சிருக்கும்."

"எனக்குத் தெரியாதா?" என்றார் ரஜப், தரையைப் பார்த்துக்கொண்டு. "நின்னது நான்தானே. பந்து வர்றப்பவே கொடி வந்துடும்னு திரும்பிப் பாத்தேன். வரல. சரி, நம்ம ஆளு விட்டுட்டான்னு சந்தோஷமா அடிச்சேன்."

பஸ்யூனி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஸக்லூல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். மூலையில் இருந்த கிழடுகள் டொமினோவை அடுக்குவதில் மும்முரமானார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டாயிரம் பேர் இருந்த மைதானத்தில் அதைப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான்.

"எங்க கேள்வி வேற," ஹாஜி கரண்டியைக் கீழே வைத்தார். "பந்து வலைக்குள்ள போயி ரெண்டு மூச்சு கழிச்சுத்தான் உன் கொடி வந்துச்சு. ஹாஸிம், போடு."

ஹாஸிம் போட்டான். பந்து வலையில் துள்ளியது. ரஜப் கையை விரித்து ஓடினார். கூட்டம் குதித்தது. அதற்கப்புறம்தான் படத்தின் கீழ் மூலையிலிருந்து அந்தக் கொடி மெல்ல எழும்பியது. பிடித்த கை தெரியவில்லை, முகமும் தெரியவில்லை. கொடி மட்டும்தான்.

"அந்த ரெண்டு மூச்சுல நீ என்ன நெனச்ச? இருபத்தெட்டு வருஷமா இந்த ஊரு உன்கிட்ட கேக்கறது அது ஒண்ணுதான்."

ஹாஜி மேஜைக்கு அடியில் காலை நீட்டி, டிவிக்கு நேர் எதிரே காலியாக இருந்த நாற்காலியைக் கொஞ்சம் வெளியே தள்ளினார். குரலும் இறங்கியது.

"பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லிடு. பனி. மனுஷக் கண்ணு. குருட்டாம்போக்குல தூக்கிட்டேன்னு சொல்லு. அது கழுதைத்தனம். கழுதைய நாங்க மன்னிப்போம், இந்தக் கடையில பாதிப்பேரு அதுதான். இல்ல, பாத்தியா? பாத்துட்டு, ரெண்டு மூச்சு யோசிச்சு, ஊரா உன் பேரான்னு நிறுத்துப் பாத்துட்டுத் தூக்கினியா?"

நாற்காலி இரண்டடி தூரத்தில் இருந்தது. நல்ல நாற்காலி, பஸ்யூனி பட்டறையிலேயே செய்ததுதான், எப்போதோ ஸக்லூல் வேறு யாரையோ விட்டு வாங்கியது. ஒரு வார்த்தை போதும். 'வழுக்கிட்டேன்' என்று சொன்னால் கடை ஒரு நிமிஷம் வாயைப் பிளக்கும், பிறகு சிரிக்கும், ரஜப் முதுகில் ஓங்கி ஒன்று வைப்பார், டீ வரும். 'உக்காருங்க அபூ நபீல்' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அப்புறம் சாகும்வரை தோல் ஷூ கதையைச் சொல்லிச் சிரிக்கலாம்.

படம் முடிந்து, டிவியில் பச்சைக் குறி திரும்ப வந்திருந்தது. தீர்ப்பு: சரி. மகள் கல்யாணத்தில் கைக்குட்டை எழும்பியபோதும், மகன் பெட்டியைக் கட்டியபோதும் அவர் பிடித்துக்கொண்டிருந்தது அதைத்தான். ஒட்டுமொத்த ஊருக்கும் எதிராகக் கண்ணால் கண்டதைச் சொன்னவன். அதையும் கொடுத்துவிட்டால் அவரிடம் மிஞ்சுவது வழுக்கிய ஒரு ஷூதான்.

"பாத்தேன்," என்றார்.

"தெளிவாவா?"

"ஒரு கதவு அகலம்."

ஹாஜியின் கால் மறுபடி மேஜைக்கு அடியில் போய், நாற்காலியை இருந்த இடத்துக்கே இழுத்துவிட்டது.

"அப்ப சரி, அபூ ராயா."

ஹாஸிமுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் கவலை அவனுக்கு. "அப்ப இது அநியாயம் இல்லன்னு ஆயிடுச்சு. பட்டியல்ல எடுத்துடறேன். தொண்ணூத்தொன்பதுதான் வரும்."

"எடுப்பியா நீ?" ரஜப் பதறிப்போனார். "என் கடை போர்டுல அதுதானேடா படம்!"

"கணக்குல வராது கேப்டன். தீர்ப்பு சரி."

"தீர்ப்பு சரியா இருக்கட்டும்," என்றார் ஹாஜி. "அநியாயம் அநியாயம்தான். பேரு நூறு அநியாயம்னு வச்சிட்டுத் தொண்ணூத்தொன்பதக் காட்டினா எதிரிப்பய சிரிப்பான். அந்தக் காரணம்னு ஒரு கட்டம் போட்டிருக்கியே, அத மட்டும் மாத்து."

அளக்காமல் எதையும் சொல்லாத ஹாஸிம் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். பச்சைக் குறி அப்படியே இருந்தது. முதல் வரிசையில், காரணம் என்ற கட்டத்தில் 'தவறான தீர்ப்பு' என்றிருந்ததை அழித்துவிட்டு, 'சொந்த ஊர்க்காரன்' என்று அடித்தான்.

பஸ்யூனி வாசலோர நாற்காலிக்குத் திரும்பினார். டீ ஆறிப்போயிருந்தது, குடித்தார். கடையில் சேனலை மாற்றி மாலை ஆட்டத்தைப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் ஒரே மூச்சில் எழுந்து கத்தினார்கள். கத்தல் பாதியில் நின்றது. வீடியோ நடுவர் பார்க்கிறாராம்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் பஸ்யூனி.

யாரும் திரும்பவில்லை. அவர் ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.